ஃபேட்ஸ் வாலர்: சிரிக்க வைத்த பாடகரா, அசத்திய பியானோ கலைஞரா? 90 ஆண்டு பழைய ரெக்கார்டுகளை எப்படிக் கேட்பது?

வேலை நேரத்தில் ஹெட்போனில் ஜாஸ் பிளேலிஸ்ட் ஓடவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இது ஒருமுறையாவது நடந்திருக்கும். மெல்லிய சாக்ஸஃபோன், மெல்லிய பியானோ என்று போய்க்கொண்டிருக்கும்போது, திடீரென்று கரகரப்பான பழைய ரெக்கார்டு ஒன்று குறுக்கே வரும். ஒரு ஆள் பாட ஆரம்பிப்பார். பாதியில் பாட்டை விட்டுவிட்டுப் பேசுவார், கேலி செய்வார், கூட வாசிக்கிறவர்களை உசுப்பேற்றுவார், காதல் பாட்டின் உருக்கமான வரியைக் கொனஷ்டைக் குரலில் இழுப்பார். "என்னடா இது" என்று ஸ்கிப் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன்.

அந்த ஆள் பெரும்பாலும் ஃபேட்ஸ் வாலராக இருந்திருப்பார்.

அடுத்த முறை ஸ்கிப் செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். அவர் பேசும்போது பேச்சை விட்டுவிட்டு, பியானோவில் அவரது இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அது நிற்காது, தடுமாறாது, ஒரு துளி வேகம் கூட்டாது, குறைக்காது. 1930களில் தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்து பிறகு ஒட்டும் வசதியெல்லாம் கிடையாது. பாடியதும், கிண்டலடித்ததும், வாசித்ததும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே டேக்கில். இது உறைக்க ஆரம்பித்த பிறகு அந்த ரெக்கார்டுகள் வேறு மாதிரி கேட்கும்.

யார் இந்த ஃபேட்ஸ் வாலர்?

முழுப் பெயர் தாமஸ் ரைட் வாலர். 1904 மே 21ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். உருவத்தை வைத்து வந்த பட்டப்பெயர்தான் 'ஃபேட்ஸ்'. கடைசி வரை அதே பெயரில்தான் மேடையேறினார், ரெக்கார்டு லேபிளிலும் அதே பெயர்தான். அப்பா மதப் பிரசங்கம் செய்தவர். சிறு வயதிலேயே அந்தக் கூட்டங்களில் ஹார்மோனியம் வாசித்துப் பழகியவர் வாலர். பதின்ம வயதிலேயே ஹார்லெமில் இருந்த லிங்கன் தியேட்டரில் மௌனப் படங்களுக்கு ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் பெரிய இசைக்குழுத் தலைவராகப் புகழ்பெற்ற கவுன்ட் பேசி, இளைஞராக அந்தத் தியேட்டரில் வாலர் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்கன் கற்றுக்கொண்டதைத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

முதல் ரெக்கார்டு 1922 அக்டோபரில், ஓகே நிறுவனத்துக்காக. அப்போது வயது 18. மரணம் 1943 டிசம்பர் 15. கலிஃபோர்னியாவில் நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு நியூயார்க் திரும்பும் வழியில், கான்சஸ் சிட்டி அருகே, ரயில் பெட்டியிலேயே நிமோனியாவால் இறந்தார். வயது 39. இந்த 21 ஆண்டுகளில் 400க்கும் மேற்பட்ட பாடல்களுக்குக் காப்புரிமை பதிவு செய்திருக்கிறார். ரெக்கார்டுகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

(அல் கபோனின் ஆட்கள் துப்பாக்கி முனையில் இவரைக் கடத்திப்போய், பிறந்தநாள் பார்ட்டியில் நாள்கணக்கில் வாசிக்க வைத்தார்கள் என்ற கதை இணையம் முழுக்க இருக்கிறது. குடும்பத்தார் சொல்லிப் பரவிய கதை அது. சுவாரஸ்யம்தான், ஆனால் உறுதியான தகவல்கள் என்ற கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை.)

சரி, அது என்ன 'ஸ்ட்ரைட்'?

வாலரைக் கேட்க இசை இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இடது கை என்ன வேலை பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால் பாதி கதவு திறந்துவிடும்.

ஸ்ட்ரைட் என்றால் எட்டு வைத்து நடப்பது, தாவிப் போவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் இடது கை பியானோவின் இடது ஓரத்துக்குப் போய் ஒரு கனமான கீழ் ஸ்வரத்தை வாசிக்கும். இரண்டிலும் நான்கிலும் அதே கை நடுப்பகுதிக்குத் தாவி வந்து சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரு கார்டாக அடிக்கும். ஊம்-பா, ஊம்-பா. ஒரு பாட்டு முழுக்க இப்படி இடமும் வலமும் தாவிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் பார்க்காமல். ஏனென்றால் கண்ணும் கவனமும் வலது கைக்கு வேண்டும். அது மேலே மெட்டை வாசித்துக்கொண்டு, அதை உடைத்து, அலங்கரித்து, இடது கையின் எண்ணிக்கைக்கு எதிராக விளையாடிக்கொண்டிருக்கும்.

இந்த வாசிப்பு முறை உருவானதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. 1910கள், 20களில் ஹார்லெமில் கறுப்பின மக்களுக்கு வீட்டு வாடகை மிக அதிகம். மாத வாடகை கட்ட முடியாத குடும்பங்கள் வீட்டிலேயே ஒரு பார்ட்டி வைப்பார்கள். வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, சாப்பாடும் சாராயமும் விற்று வாடகையைத் தேற்றுவார்கள். 'ரென்ட் பார்ட்டி' என்று பெயர். நடனம் ஆட இசை வேண்டும். ஆனால் ஒரு பேண்டையே கூப்பிட இடமும் இல்லை, காசும் இல்லை. ஒரு பியானோ, ஒரு ஆள். டிரம்ஸ், பாஸ், பாட்டு எல்லாமே அந்த ஒரு ஆளின் பத்து விரல்கள்தான். ஸ்ட்ரைட் இடது கை ஏன் அவ்வளவு உழைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பார்ட்டிகளில் பியானோக்காரர்களுக்குள் போட்டி நடக்கும். அதில் அன்றைய நுழைவுத் தேர்வு மாதிரி இருந்த உருப்படி ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்'. இதை வாசிக்கத் தெரியவில்லை என்றால் பியானோ ஸ்டூலில் உட்கார முடியாது. துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் தானே வாசிக்கும் பியானோக்கள் அன்று இருந்தன. அந்தச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, எந்தக் கட்டை அமுங்குகிறது என்று பார்த்து விரலை வைத்துத்தான் வாலர் இதைக் கற்றுக்கொண்டார். டியூக் எலிங்டனும் அப்படியேதான். யூடியூப் வீடியோவை 0.5 வேகத்தில் வைத்து கிடார் பழகுகிறவர்களுக்கு இது புரியும். பிறகு ஜான்சனே வாலரை மாணவராக ஏற்றுக்கொண்டார். வில்லி 'தி லயன்' ஸ்மித் இன்னொரு வழிகாட்டி.

வாலருக்கு இயற்கையாகவே ஒரு வசதி இருந்தது: பெரிய கைகள். கீழ் ஸ்வரத்தையும் அடுத்த ஸ்தாயியில் பத்தாவதாக வரும் ஸ்வரத்தையும் ஒரே பிடியில் எட்டிவிடுவார். நம் கணக்கில் சொன்னால், ச-வில் ஒரு விரல், மேல் ஸ்தாயி க-வில் இன்னொரு விரல். பெரும்பாலானவர்களுக்கு இது எட்டாது. இதனால்தான் அவரது இடது கையில் 'டக் டக்' என்ற கடினம் இல்லாமல் ஒரு முழுமையும் மிருதுவும் இருக்கிறது. வேகமான ஸ்ட்ரைட் பலரிடம் இயந்திரம் ஓடுகிற மாதிரி இருக்கும். வாலரிடம் ஒரு கனத்த மனிதர் லாகவமாக நடனமாடுகிற மாதிரி இருக்கும்.

வாலர் இந்தியா வந்ததில்லை. ஆனால் இந்தப் பாணியின் உறவினர் ஒருவர் வந்தார். வாலரின் வயதை ஒத்தவரும், சிகாகோவில் பெயர் வாங்கியவருமான டெடி வெதர்ஃபோர்ட் என்ற அமெரிக்க பியானோ கலைஞர் 1930களில் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலிலும், பிறகு கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்தார். 1945இல் கல்கத்தாவிலேயே இறந்தார். நரேஷ் ஃபெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ் மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' புத்தகத்தில் அவர் கதை விரிவாக இருக்கிறது.

1929: பியானோ மட்டும் பேசிய ஆண்டு

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், பாட்டும் பேச்சும் இல்லாத 1929ஆம் ஆண்டு தனி பியானோ ரெக்கார்டுகளில் ஆரம்பியுங்கள் என்பேன்.

மார்ச் 1ஆம் தேதி ஒரே நாளில் விக்டர் நிறுவனத்துக்காக இரண்டு தனி உருப்படிகள். ஒன்று 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்'. வேகமானது, வெளிச்சமானது. ஸ்ட்ரைட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் விளக்கம் சொல்லாமல் இதைப் போட்டுக் காட்டிவிடலாம். இன்னொன்று 'நம்ப் ஃபம்ப்ளின்'. மெதுவான ப்ளூஸ். பெயருக்கு மரத்துப்போன கையின் தடுமாற்றம், ஆனால் வலது கையில் வரும் ஒவ்வொரு சின்ன அலங்காரமும் மணிமணியாக விழும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் வேகத்தைக் கேட்டு அசந்துபோகலாம். இரண்டாவதில்தான், வேகமே இல்லாதபோதும் இவர் கையில் தாளம் எப்படி ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது என்பது தெரியும்.

அன்று அதே ஸ்டூடியோவில் ஒரு சிறு குழுவோடும் இரண்டு உருப்படிகள் பதிவாகின: 'தி மைனர் டிராக்', 'ஹார்லெம் ஃபஸ்'. ரெக்கார்டு வெளிவந்தபோது இரண்டின் பெயரும் லேபிளில் இடம் மாறிவிட்டது என்று, அன்று பாஞ்சோ வாசித்த எடி காண்டன் பிற்காலத்தில் எழுதினார். மைனர் டிராக் என்ற பெயரில் இருப்பது உண்மையில் ஹார்லெம் ஃபஸ். டேட்டா என்ட்ரி பிழை அன்றும் இருந்திருக்கிறது. அந்தப் பிழை இன்று ஸ்ட்ரீமிங் தளங்கள் வரை அப்படியே வந்துவிட்டது.

அதே 1929இல்தான் 'ஹாட் சாக்லேட்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சி. பாடல்களுக்கு இசை வாலரும் ஹாரி புரூக்ஸும், வரிகள் ஆண்டி ரேசஃப். வாலரின் மிகப் பிரபலமான மெட்டான 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' இதில் வந்ததுதான். பிராட்வே மேடையில் லூயி ஆம்ஸ்ட்ராங் அதை வாசித்துப் பாடி தன் பெயரையும் உயர்த்திக்கொண்டார். 'பிளாக் அண்ட் புளூ' பாடலும் இதே நிகழ்ச்சியில் வந்ததுதான். சிரிப்புக்கான பாட்டு என்ற பெயரில் கேட்டு வாங்கப்பட்டு, கறுப்பு நிறத்தோடு வாழ்வதன் வலியைச் சொல்லும் பாட்டாக அது முடிந்தது. பல ஆண்டுகள் கழித்து ரால்ஃப் எலிசன் தன் 'இன்விசிபிள் மேன்' நாவலின் முன்னுரைப் பகுதியில் ஆம்ஸ்ட்ராங் பாடிய இந்தப் பாடலைத்தான் கதாநாயகன் கேட்பதாக எழுதினார்.

இதில் வாலருக்குக் கிடைத்தது என்ன? 1929 ஜூலையில் 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்', 'பிளாக் அண்ட் புளூ' உட்பட சுமார் 20 பாடல்களின் உரிமையை மொத்தமாக 500 டாலருக்கு ஒரு பதிப்பாளரிடம் எழுதிக்கொடுத்தார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஒரு பாட்டுக்கு 25 டாலர். முதல் மனைவிக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்ச பாக்கிக்காக ஏற்கெனவே சிறை சென்று வந்தவர் அவர். கையில் காசு எப்போதும் அவசரமாகத் தேவைப்பட்டது. வாலரின் பாடல்கள் வேறு சிலரின் பெயரில் வெளிவந்து புகழடைந்தன என்ற பேச்சும் நெடுநாளாக உண்டு, ஆனால் அவற்றில் எதற்கும் ஆவணம் கிடையாது. ஆவணம் இருக்கிற 500 டாலர் கதையே போதுமான அளவு கசப்பு.

'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' பாடலை அதே ஆகஸ்டில் அவர் தனி பியானோவாகப் பதிவு செய்தார். குரல் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் 2004ஆம் ஆண்டு இது சேர்க்கப்பட்டது.

1934க்குப் பிறகு: கொடுத்த பாட்டைப் பாடு

பொருளாதார மந்தநிலையில் அமெரிக்க ரெக்கார்டு தொழிலே படுத்துவிட்டிருந்த நேரம். ரேடியோவில் வாலரின் பேச்சும் பாட்டும் பிரபலமாக, 1934இல் விக்டர் அவரை மறுபடி அழைத்தது. மே 16ஆம் தேதி 'ஃபேட்ஸ் வாலர் அண்ட் ஹிஸ் ரிதம்' என்ற ஆறு பேர் குழுவின் முதல் பதிவு. டிரம்பெட்டில் ஹெர்மன் ஆட்ரி, கிடாரில் 18 வயது ஆல் கேசி. அன்று பதிவான பாடல்களில் ஒன்று, ஒரு ஹோட்டல் போர்ட்டர் அறைப் பணிப்பெண்ணுக்குப் பாடும் காதல் பாட்டு. அதன் மெட்டு அவருடைய குரு ஜேம்ஸ் பி. ஜான்சனுடையது.

அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு இந்தக் குழு விக்டருக்குப் பாட்டுகளைக் கொட்டித் தீர்த்தது. இங்கேதான் வாலரைப் பற்றிய பழைய சண்டை தொடங்குகிறது. பதிவு செய்த பாடல்களில் பெரும்பகுதி வாலருடையது இல்லை. நியூயார்க் பாட்டு வியாபாரிகளின் அந்த வாரத்துச் சரக்கு. கொஞ்சம் நல்ல பாட்டு, நிறைய சுமார் பாட்டு, சில படுமோசம். ஸ்டூடியோவுக்கு வந்த பிறகுதான் பல பாடல்களின் தாளையே பார்ப்பார்கள். ஒரே நாளில் நான்கு, ஐந்து, ஆறு பாட்டு முடித்தாக வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். பியானோ தொடக்கம், குரல், யாராவது ஒருவரின் தனி வாசிப்பு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆர்ப்பாட்டம், முடிந்தது. டெம்ப்ளேட் வேலைதான்.

விக்டருக்கு விற்பனையானது சிரிப்பு. அதனால் சிரிப்பையே கேட்டது. தனி பியானோவுக்கு மட்டும் அவரை உட்கார வைத்த நாட்கள் அந்தக் காலம் முழுவதிலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். "எவ்வளவு பெரிய கலைஞர், இப்படிக் கோமாளி வேஷம் போட்டு வீணாகிவிட்டாரே" என்று ஜாஸ் விமர்சகர்களில் ஒரு தரப்பு இன்றும் வருத்தப்படுவது இதனால்தான்.

அந்த வருத்தத்தில் பாதி நியாயம் என்று நினைக்கிறேன். தனி வாசிப்பு இன்னும் நிறைய பதிவாகியிருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழுவோடு அவர் செய்தது வீணான வேலை என்பதை ரெக்கார்டுகளைக் கேட்ட பிறகு ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு மோசமான பாட்டு கையில் வந்தால் அவருக்கு மூன்று வழி இருந்தது. அப்படியே பாடலாம். முடியாது என்று சொல்லி வேலையை இழக்கலாம். அல்லது பாட்டைப் பாடிக்கொண்டே பாட்டைப் பற்றித் தன் கருத்தையும் சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் அவர் தேர்ந்தெடுத்தது.

1936இல் பதிவான 'இட்ஸ் எ சின் டு டெல் எ லை' நல்ல உதாரணம். பொய் சொல்வது பாவம் என்று உருகும் காதல் பாட்டு. எழுதப்பட்டது மூன்று எண்ணிக்கை வால்ட்ஸாக. வாலர் முதலில் அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றிவிடுகிறார். பிறகு ஒவ்வொரு உருக்கமான இடத்திலும் குரலில் ஒரு சின்ன ஊசி. உச்சரிப்பிலும் கேலி இருக்கும், வரிகளிலும் கை வைப்பார். அவர் குரல் எவ்வளவு அத்துமீறினாலும் அடியில் பியானோ ஒரு இம்மி பிசகாது. ஜோக் விழ வேண்டிய இடம் எது என்று இடது கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் எல்லாப் பாட்டையும் அவர் கிண்டல் செய்யவில்லை. 1935 மே மாதம் பதிவான 'ஐம் கோனா சிட் ரைட் டவுன் அண்ட் ரைட் மைசெல்ஃப் எ லெட்டர்' பாடலைக் கேளுங்கள். தனக்குத் தானே காதல் கடிதம் எழுதி, அது அவளிடமிருந்து வந்ததாகப் பாவித்துக்கொள்ளும் ஒருவனின் பாட்டு. இதுவும் வேறொருவர் மெட்டுதான். பியானோ மெதுவாக, அவசரமே இல்லாமல் ஆரம்பிக்கிறது. குரல் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. கேலி செய்ய எல்லா வாய்ப்பும் இருக்கிற பாட்டில் கேலியைக் குறைத்துக்கொள்கிறார். பாட்டு நன்றாக இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1939இன் 'யுவர் ஃபீட்ஸ் டூ பிக்' இன்னொரு எல்லை. காதலியின் பாதம் பெரிதாக இருக்கிறது என்ற ஒரே புகாரை வைத்துக்கொண்டு, வழக்கு நடத்துகிற மாதிரி வாதங்களை அடுக்கிக்கொண்டே போவார். உருவக் கேலியாகவே எழுதப்பட்ட பாட்டு, இன்றைய காதுக்கு நெருடலாம். பாடுகிறவர் தன் பருமனையே பெயராக வைத்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நேரம் பார்த்துப் பேசும் கலைக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

கோமாளி வேஷத்தின் விலை

கண்ணை உருட்டுவது, புருவத்தைத் தூக்குவது, தொப்பியைச் சாய்த்துப் போடுவது. திரையில் வாலர் இப்படித்தான் இருப்பார். யூடியூபில் 1941இல் எடுத்த மூன்று நிமிட 'சவுண்டீஸ்' படங்கள் கிடைக்கும். காசு போட்டால் பாட்டுப் படம் ஓடும் பெட்டிகளுக்காக எடுத்தவை. பார்க்க ஜாலியாக இருக்கும். கூடவே ஒரு சங்கடமும் வரும். அன்றைய அமெரிக்கத் திரையில் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம் சிரிக்க வைப்பவன், வேலைக்காரன். 'கிங் ஆஃப் பர்லெஸ்க்' படத்தில் வாலருக்குக் கொடுத்த வேடம் லிஃப்ட் இயக்குபவர். அப்போது அவர் 'ஹனிசக்கிள் ரோஸ்', 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' பாடல்களுக்கு இசையமைத்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது.

எனவே அவரது சிரிப்பை வெறும் சுபாவம் என்று விட்டுவிடவும் முடியாது, வெறும் திணிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த வேஷத்துக்குள் இருந்துகொண்டே அந்தப் பாட்டுகளையும், சில நேரம் அந்த வேஷத்தையுமே அவர் கிண்டல் செய்தார் என்று எனக்குப் படுகிறது. கறுப்பினக் கலைஞர்களே நிறைந்த 1943ஆம் ஆண்டுப் படமான 'ஸ்டார்மி வெதர்' படத்தில் பியானோ முன்னால் தன் பெயரிலேயே வரும் வாலரையும், அந்த லிஃப்ட் இயக்குபவரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆர்கன் என்ற ரகசியக் காதல்

இதை ஒரு கிளைக்கதையாகத்தான் எழுத நினைத்தேன், ஆனால் வாலரின் ரெக்கார்டுகளிலேயே விசித்திரமானவை இவைதான். 1926, 27இல் நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில், விக்டர் வாங்கி ஸ்டூடியோவாக மாற்றியிருந்த ஒரு பழைய தேவாலயத்தில், குழாய் ஆர்கனில் ஜாஸ் வாசித்திருக்கிறார். சர்ச்சில் கேட்கும் அதே பிரம்மாண்ட ஆர்கன். அதில் கட்டையை அமுக்கியதும் சத்தம் வராது, காற்று குழாய்க்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். தாளம்தான் உயிர் என்கிற இசைக்கு இதைவிடப் பொருந்தாத வாத்தியம் இருக்க முடியாது. ஜூம் காலில் இரண்டு பேர் சேர்ந்து பாட முயன்றிருந்தால் அந்தத் தாமதத்தின் அவஸ்தை தெரியும். வாலர் அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்து, முன்கூட்டியே வாசித்து, துள்ளலாக ஒலிக்க வைக்கிறார். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 'லெனாக்ஸ் அவென்யூ ப்ளூஸ்' இரண்டும் கேட்க வேண்டியவை. இந்த ஆர்கன் இசையைத்தான் டேவிட் லிஞ்ச் 1977இல் தன் 'இரேஸர்ஹெட்' படத்தில் பின்னணியாகப் பயன்படுத்தினார். கொண்டாட்ட இசையாக வாசித்தது அங்கே கெட்ட கனவின் இசையாகிவிட்டது.

1942இல் எலெக்ட்ரிக் ஹேமண்ட் ஆர்கனில் வாசித்த 'தி ஜிட்டர்பக் வால்ட்ஸ்' இன்னொரு ரத்தினம். ஜாஸில் மூன்று எண்ணிக்கை மிக அபூர்வமாக இருந்த காலத்தில் அந்தத் தாளத்தில் அமைத்த மெட்டு. மேலிருந்து வழிந்து இறங்கும் அந்த முதல் வரியை ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க முணுமுணுப்பீர்கள். இன்றுவரை ஜாஸ் கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கும் பாடல் அது.

எதை, எங்கே, எப்படிக் கேட்பது?

ஸ்பாட்டிஃபை, யூடியூப், ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றிலும் வாலர் குவிந்து கிடக்கிறார். பிரச்னையே அதுதான். ஒரே பாட்டு பத்து தொகுப்புகளில், பத்து அட்டைப் படங்களோடு, தவறான ஆண்டுகளோடு இருக்கும். தொகுப்பு வெளியான ஆண்டைத்தான் பல தளங்கள் காட்டும். அதை நம்பினால் 1943இல் இறந்தவர் 2011இல் பாடியதாக ஆகும்.

இதற்கு வழி, பதிவான தேதியைப் பிடித்துக்கொள்வது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் பழைய அமெரிக்க ஒலிப்பதிவுகளுக்கான இலவச தரவுத்தளம் ஒன்றை நடத்துகிறது. எந்த நாளில், எந்த ஊரில், எந்த டேக், யார் யார் வாசித்தார்கள் என்ற விவரம் அதில் கிடைக்கும். என் போன்ற ஸ்ப்ரெட்ஷீட் பைத்தியங்களுக்கு அதுவே ஒரு பொழுதுபோக்கு.

'ஹனிசக்கிள் ரோஸ்' பாடலை இப்படித் தேதி பார்த்துத் தேடுங்கள். 1934 நவம்பரில் தன் குழுவோடு. 1937 மார்ச்சில் பன்னி பெரிகன், டாமி டோர்சி ஆகியோருடன் சேர்ந்த ஜாம் பதிவு. 1941 மே மாதம் தனி பியானோவில். கடைசிப் பதிவில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் வாசித்தால் எப்படியிருக்கும் என்ற பாவனையில் தன் பாட்டையே கலாய்த்திருப்பார். சிரிப்புக்காகச் செய்ததுதான், ஆனால் மேற்கத்திய செவ்வியல் இசையைக் கரைத்துக் குடித்திருந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும். அதே நாளில் அவர் 'கரோலினா ஷவுட்' வாசித்ததையும் விட்டுவிடாதீர்கள். பையனாகச் சுருளைப் பார்த்துக் கற்ற உருப்படியை, குருவைவிட இளகிய வேகத்தில் அல்ல, அதைவிடத் துணிச்சலான வேகத்தில் திருப்பிக் கொடுக்கிறார்.

1934 நவம்பர் 16ஆம் தேதி வாசித்த நான்கு தனி உருப்படிகளில் 'வைப்பர்ஸ் டிராக்' என் சொந்த விருப்பம். இருட்டான, பதுங்கி நடக்கிற மாதிரியான மைனர் தொடக்கம். பிறகு சட்டென்று விளக்கு போட்ட மாதிரி ஸ்ட்ரைட். 1937 ஜூனில் வாசித்த 'கீப்பின் அவுட் ஆஃப் மிஸ்சிஃப் நவ்' பாடலில், வேகமே காட்டாத நிதானமான வாலர் கிடைப்பார். இரவு கடைசியாகக் கேட்க நல்லது.

ரீல்ஸில் பின்னணியாகப் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1930களின் ரெக்கார்டுகள் எப்போதோ வெளியே வந்துவிட்டன. அமெரிக்காவில் கதை வேறு. 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' பாடல் அங்கே 2025 ஜனவரி 1ஆம் தேதி பொதுவுடைமையானது. ஆனால் 1929இல் பதிவான ரெக்கார்டுக்கு 100 ஆண்டு பாதுகாப்பு, அது 2030இல்தான் விடுபடும். தளங்கள் அமெரிக்காவில் இருப்பதால் ஸ்ட்ரைக் வரலாம்.

கடைசி ரெக்கார்டு

1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம், ரெக்கார்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. ரெக்கார்டு விற்பனையில் கலைஞர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. விக்டர் இறங்கி வந்தது 1944 நவம்பரில். வாலர் அதற்குள் இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிட்டது. எனவே கடைகளில் விற்பதற்கான ரெக்கார்டு எதையும் தன் கடைசி ஒன்றரை ஆண்டில் அவர் செய்யவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் வேறு வேலையில் இருந்தார். 1943 ஜூனில் அவரது இசையில் 'எர்லி டு பெட்' என்ற மேடை நாடகம் பிராட்வேயில் தொடங்கியது. பெரும்பாலும் வெள்ளையர் நடித்த, வெள்ளையர் பார்வையாளர்களுக்கான பிராட்வே நாடகத்துக்கு ஒரு கறுப்பின இசையமைப்பாளர் முழு இசையும் தருவது அப்போது புதிது. ஹார்லெமில் இறுதிச் சடங்கு நடந்தபோது நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் குரலும் கையும் சேர்ந்த ஒரு கடைசிப் பதிவு இருக்கிறது. போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்புவதற்காக ராணுவம் தயாரித்த 'வி-டிஸ்க்' ரெக்கார்டுகளுக்கு வேலைநிறுத்தத்திலிருந்து விலக்கு இருந்தது. 1943 செப்டம்பரில் வாலர் அதற்காக ஸ்டூடியோவுக்குப் போனார். குழு இல்லை, பாட்டு வியாபாரி இல்லை. பியானோவும், சில உருப்படிகளுக்கு ஆர்கனும். ரெக்கார்டும் 12 அங்குலம், மூன்று நிமிடக் கெடு இல்லை. 'எர்லி டு பெட்' பாடல்கள் சிலவற்றைப் பாடுகிறார், 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' பாடுகிறார், வீரர்களிடம் நேரடியாகப் பேசுகிறார், வழக்கம்போல் கேலி செய்கிறார். குரலில் சற்றே களைப்பு இருக்கிற மாதிரி எனக்குக் கேட்கிறது, மூன்று மாதத்தில் இறந்துவிடுவார் என்று தெரிந்து கேட்பதால்கூட அப்படித் தோன்றலாம். இடது கையில் அந்தக் களைப்பு இல்லை. இணையத்தில் தேடினால் கிடைக்கும். தேதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.